சக்கரவர்த்தியின் கடிதங்களும் கெய்ரோ ஷெய்கின் குறிப்பேடும்

நெப்போலியன் பொனபார்ட் சென் ஹெலெனா தீவில் கண்மூடியது 1821 மே 5ஆம் திகதி. அன்றிலிருந்து அவரைப் பற்றிய நூல்கள் வெளிவராத ஆண்டு ஒன்றும் இல்லை எனலாம். ஆயினும் இந்த நூற்றாண்டில் வெளிவந்துள்ளவை எண்ணிக்கையால் மட்டுமன்றித் தன்மையாலும் முந்தியவற்றினின்று வேறுபடுகின்றன. இதற்கு இரு காரணங்கள் உள்ளன. ஒன்று, அவருடைய கடிதங்கள் இயன்றவரை முழுமையாக அச்சேறியமை. மற்றையது, அவரால் ஆளப்பட்டோரும் தாக்கப்பட்டோரும் எழுதிவைத்தவற்றை வரலாற்றாசிரியர்கள் கவனத்துடன் வாசிக்கத் தொடங்கியமை. இரண்டாவதே நமக்கு நெருக்கமானது. ஏனெனில் அந்தச் சாட்சிகளுள் முதல் வரிசையில் நிற்பவர் கெய்ரோவில் வாழ்ந்த ஓர் ஆலிம்.

கடிதங்கள் பேசுகின்றன

நெப்போலியனின் கடிதங்கள் முதன்முதலாகத் தொகுக்கப்பட்டது அவருடைய தம்பியின் மகன் மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில். 1858 முதல் 32 தொகுதிகள் வெளிவந்தன. ஆனால் அது ஒரு குடும்பத்தின் வெளியீடு. பெரியவரின் பெயருக்கு இழுக்கு வரும் எனக் கருதிய கடிதங்கள் விடப்பட்டன, சில வெட்டப்பட்டன. அடுத்து வந்த நூற்றைம்பது ஆண்டுகளின் ஆய்வாளர் பலர் இத்தொகுப்பையே பெரிதும் நம்பியிருந்தனர்.

பரிஸிலுள்ள நெப்போலியன் அறக்கட்டளை 2004இல் புதிய தொகுப்பைத் தொடங்கி 2018இல் நிறைவு செய்தது. 15 தொகுதிகள், நாற்பதாயிரத்துக்கும் அதிகமான கடிதங்கள். இத்தொகுப்பின் பயனை அண்மைக்கால வாழ்க்கை வரலாறுகள் அனைத்திலும் காணலாம். 2014இல் அன்ட்ரூ ரொபர்ட்ஸ் எழுதிய பெருநூல் நெப்போலியனை ஒரு மாபெரும் ஆட்சியாளராக நிறுவ முனைகிறது. மைக்கல் புரோயர்ஸ் 2014, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக எழுதி முடித்த வரலாறு சற்று நிதானமானது. இருவரும் இக்கடிதங்களையே அடித்தளமாகக் கொண்டுள்ளனர்.

கடிதங்கள் ஒரு மனிதரின் உழைப்பையும் நினைவாற்றலையும் காட்டுகின்றன. குதிரைகளுக்குத் தீனி, படைவீரரின் சப்பாத்து, பாலங்களின் பழுது, பாடசாலைகளின் ஒழுங்கு என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதே கையே 1798 ஒக்டோபரில் கெய்ரோவிலிருந்து வேறொரு கட்டளையையும் எழுதிற்று. ஆயுதத்துடன் பிடிபட்ட கைதிகளை இரவில் நைல் கரைக்குக் கொண்டுசென்று தலையை வெட்டி, முண்டங்களை ஆற்றில் எறியுமாறு தளபதி பெர்த்தியேக்கு அவர் பணிக்கிறார். ஆகவே கடிதங்கள் அவரைப் புகழ மட்டும் உதவுபவை அல்ல.

எனினும் கடிதங்களுக்கு ஓர் எல்லை உண்டு. நாற்பதாயிரம் கடிதங்களிலும் பேசுகின்றவர் ஒருவரே. நைல் கரையில் அன்றிரவு நின்றவர்களின் பெயர் அக்கட்டளையில் இல்லை. அதைத் தேடுகின்றவர் வேறு ஏடுகளைப் புரட்ட வேண்டும்.

எகிப்தில் இறங்கிய படை

ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டு 1883இல் நம் நாட்டில் வந்திறங்கிய காலத்திலிருந்து எகிப்து நமக்கு அந்நியமான பெயரன்று. அவரை இங்கு அனுப்பிய ஆக்கிரமிப்புக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னதாகவே ஐரோப்பியப் படையொன்று அந்நாட்டினுள் நுழைந்திருந்தது. 1798 மே 19ஆம் திகதி தூலோன் துறைமுகத்திலிருந்து பிரெஞ்சுக் கப்பல்கள் புறப்பட்டன. வழியில் மோல்டாவைக் கைப்பற்றி, ஜூலை முதலாம் திகதியளவில் அலெக்சாந்திரியாவை அடைந்தன. முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட படையினருடன் ஏறத்தாழ 160 அறிஞரும் பொறியியலாளரும் கலைஞரும் வந்தனர். இந்தியாவில் பிரித்தானியருக்குச் செல்லும் வழியை அடைப்பதும், எகிப்தை பிரான்சின் குடியேற்ற நாடாக்குவதும் நோக்கங்கள். தளபதிக்கு அப்போது வயது 28. அவர் சக்கரவர்த்தியாக முடிசூட இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

ஜூலை 21இல் இம்பாபாவில் மம்லூக்குகளின் குதிரைப்படை முறியடிக்கப்பட்டது. பிரமிட் போர் எனப் புகழ்பெற்ற இச்சமர் பிரமிட்டுகளுக்குப் பல கிலோமீற்றர் தொலைவில் நடந்தது. ரிட்லி ஸ்கொட் இயக்கி 2023இல் வெளிவந்த திரைப்படத்தில் பிரெஞ்சுப் பீரங்கி பிரமிட்டின் உச்சியைத் தகர்க்கின்றது. அப்படியொன்றும் நிகழவில்லை. நிகழாத அக்காட்சியை உலகம் முழுவதும் பார்த்தது. நிகழ்ந்த அஸ்ஹர் பள்ளிவாசல் சம்பவத்தை அறிந்தோர் எத்தனை பேர்?

2007இல் எகிப்துப் படையெடுப்பைப் பற்றி ஆங்கிலத்தில் இரு நூல்கள் வெளிவந்தன. போல் ஸ்ட்ராதெர்ன் எழுதியது நெப்போலியனின் கனவையும் தோல்வியையும் மையமாகக் கொண்ட கதை. ஹுவான் கோல் எழுதியது பிரெஞ்சுப் படையினரின் நினைவுக் குறிப்புகளோடு அரபு மூலங்களையும் அருகருகே வைத்து வாசிக்கும் முயற்சி. ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் வந்த நூல் அது. விடுதலை தர வந்திருக்கிறோம் எனச் சொல்லிக்கொண்டு இறங்கும் படையைப் பற்றிய பழைய கதையை அவர் ஏன் அப்போது எழுதினார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இலக்கணப் பிழை கண்ட ஆலிம்

அப்துர் ரஹ்மான் அல்-ஜபர்த்தி 1753இல் கெய்ரோவில் பிறந்தவர். மூதாதையர் செங்கடலுக்கு அப்பாலுள்ள ஜபர்த் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். தந்தை ஷெய்க் ஹஸன் மார்க்கக் கல்வியோடு கணிதத்திலும் வானியலிலும் புகழ்பெற்றவர். படையெடுப்பு நிகழ்ந்தபோது ஜபர்த்திக்கு வயது நாற்பத்தைந்து. நடப்பவற்றை அவ்வப்போதே எழுதிவைத்தார். முதல் ஏழு மாத நிகழ்வுகளைக் கூறும் சிறு நூலொன்று அவ்வாறு உருவாயிற்று.

எகிப்திய மக்களுக்கு நெப்போலியன் விடுத்த பிரகடனத்தை அந்நூல் முழுமையாகத் தருகிறது. வத்திக்கானிலிருந்து எடுத்துவரப்பட்ட அரபு எழுத்துகளைக் கொண்டு கப்பலிலேயே அச்சிடப்பட்ட பிரகடனம் அது. பிஸ்மியுடன் தொடங்கும்; அல்லாஹ்வுக்கு மகனுமில்லை, ஆட்சியில் இணையுமில்லை என்று கூறும்; பிரெஞ்சுக்காரரும் உண்மையில் முஸ்லிம்களே என்று வாதாடும். பாப்பரசரின் அதிகாரத்தை உடைத்தமையும், முஸ்லிம்களுடன் போரிட்டு வந்த மோல்டாவின் வீரசபையைக் கலைத்தமையும் அதற்குச் சான்றுகளாகக் காட்டப்பட்டன. மம்லூக்குகளின் கொடுமையிலிருந்து மக்களை மீட்கவே வந்ததாகவும் அது உறுதி கூறியது.

இதற்கு ஜபர்த்தி அளித்த மறுமொழி வகுப்பறையில் சிவப்பு மையுடன் உட்கார்ந்து பழகிய எவருக்கும் தனி இன்பம் தரும். அவர் பிரகடனத்தை வரி வரியாக எடுத்து அதன் அரபு மொழியைத் திருத்துகிறார். எந்த இடைச்சொல் வேண்டாத இடத்தில் வந்துள்ளது, எச்சொல் இடம்மாறி நிற்கிறது, எந்த வாக்கியம் எழுவாயின்றித் தொங்குகிறது என்று ஒன்றொன்றாகச் சுட்டுகிறார். பின்னர் பொருளுக்கு வருகிறார். பிஸ்மியைச் சொல்லி இணையை மறுப்பதால் முஸ்லிம்களோடு ஒத்துப்போகின்றனர். ஆனால் நபிகளாரின் (ஸல்) தூதுத்துவத்தை ஏற்று ஷஹாதா மொழியவில்லை. கிறிஸ்தவர்களோடு பலவற்றில் ஒத்தவர்கள். ஆனால் திரித்துவத்தைக் கூறவில்லை, குருமாரைக் கொன்று தேவாலயங்களை இடித்தவர்கள். ஆகவே எல்லா மதத்தாருடனும் ஒத்துப்போவதாகக் காட்டுவோர் உண்மையில் எவரோடும் ஒத்துப்போகவில்லை என்பது அவருடைய முடிவு.

இலக்கணத்தில் தொடங்குவது சிறுமைத்தனம் எனச் சிலர் கருதலாம். அவ்வாறன்று. ஒரு மக்கள் கூட்டத்தை அவர்களுடைய மார்க்கத்தின் மொழியிலேயே ஏமாற்ற வருகின்றவனை அம்மொழியிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பது அறிஞனின் கடமை. வாளில்லாத ஓர் ஆலிமிடம் அன்று இருந்தது நஹ்வும் ஸர்பும் மட்டுமே. அவற்றைக் கொண்டே அவர் பிரகடனத்தின் முகமூடியைக் கழற்றினார்.

குறையும் நிறையும்

அதே ஓகஸ்ட் மாதத்தில் மீலாத் விழாவை வழமைபோல் நடத்துமாறு நெப்போலியன் வற்புறுத்திப் பணமும் கொடுத்தார். உலமாக்களைக் கொண்ட திவான் சபையொன்றையும் அமைத்தார். அதன் தலைவர் ஷெய்க் அஷ்-ஷர்காவியின் தோளில் பிரெஞ்சுக் கொடியின் மூவர்ணத்தாலான சால்வையை அவர் போட்டபோது, ஷெய்க் அதை எடுத்துத் தரையில் எறிந்தார் என்று ஜபர்த்தி பதிவு செய்கிறார். ஒக்டோபர் 21ஆம் திகதி கெய்ரோ கிளர்ந்தெழுந்தது. பீரங்கிகள் அஸ்ஹரை நோக்கித் திருப்பப்பட்டன. படையினர் குதிரைகளுடன் உள்ளே நுழைந்தனர், கிப்லாப் பக்கத்தில் குதிரைகளைக் கட்டினர், விளக்குகளை உடைத்தனர், மாணவரின் நூல்களையும் குர்ஆன் பிரதிகளையும் தரையில் வீசினர். இவற்றை எழுதும்போது ஜபர்த்தியின் பேனா நடுங்குவதை மொழிபெயர்ப்பிலும் உணரலாம்.

ஆயினும் அவர் வெறும் வசைபாடியல்லர். பிரெஞ்சு அறிஞர் அமைத்த ஆய்வுக் கழகத்துக்குப் பலமுறை சென்றார். அங்கிருந்த நூலகத்தில் யார் வந்தாலும் வரவேற்று நூல்களைக் காட்டினர் என்றும், சாதாரண படைவீரரும் வந்து வாசித்தனர் என்றும் வியக்கிறார். காழி இயாழின் அஷ்-ஷிபாவை அவர்களிடம் கண்டதையும், இமாம் பூஸீரியின் புர்தாவின் பல அடிகளை அவர்கள் மனனமிட்டுப் பிரெஞ்சில் பெயர்த்திருந்ததையும் குறிப்பிடுகிறார். நம் ஊர்ப் பள்ளிகளில் புர்தா ஓதும் சபையில் அமர்ந்தவர்களுக்கு அவ்வியப்பு எளிதில் விளங்கும். திரவங்களைக் கலந்து காட்டிய இரசாயனச் சோதனைகளும், தொட்டவரை உதறவைத்த மின்சாரக் கருவியும் அவரைக் கவர்ந்தன. மண் சுமக்கும் ஒற்றைச் சில்லுக் கைவண்டியைக் கூட அவர் விடவில்லை. ஒருவன் பல கூடை மண்ணை இலகுவாகத் தள்ளிச் செல்வதையும், வேலையாட்களுக்குக் கூலி கொடுக்கப்படுவதையும் பாராட்டி எழுதுகிறார்.

1800 ஜூன் 14இல் தளபதி கிளேபரை ஸுலைமான் அல்-ஹலபி என்ற இளைஞன் குத்திக் கொன்றான். பிரெஞ்சுக்காரர் அவனை அவ்விடத்திலேயே வெட்டிச் சாய்க்காமல் விசாரித்துப் பதிவுசெய்ததை ஜபர்த்தி குறித்துவைத்தார்; விசாரணை ஆவணங்களையும் தம் நூலில் சேர்த்தார். அந்த நீதிமன்றம் விதித்த தண்டனையோ வலது கையை எரித்துக் கழுவேற்றுவது. இரண்டையும் அவர் வாசகர் முன் வைக்கிறார்.

யாபாவின் ஓவியமும் கடற்கரையும்

1799 மார்ச் 7ஆம் திகதி பலஸ்தீனத்தின் யாபா நகர் வீழ்ந்தது. உயிருக்கு உத்தரவாதம் பெற்றுச் சரணடைந்த படையினர் அடுத்த நாட்களில் கடற்கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சுட்டும் குத்தியும் கொல்லப்பட்டனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் என்பதில் பெரும்பாலான நூல்கள் ஒத்துப்போகின்றன. நான்காயிரத்துக்கும் மேல் என்போரும் உளர். கைதிகளுக்கு உணவில்லை, அவர்களுட் சிலர் முன்னர் அல்-அரீஷில் விடுவிக்கப்பட்டு வாக்கு மீறியவர்கள் என்பன அன்று சொல்லப்பட்ட நியாயங்கள்.

இதே நாட்களில் யாபாவில் கொள்ளை நோய் கண்ட தம் வீரரை நெப்போலியன் வைத்தியசாலையில் சென்று பார்த்தார். அந்தக் காட்சியை அந்துவான் ஜான் குரோ 1804இல் பெரும் ஓவியமாகத் தீட்டினார். இன்று அது லூவர் நூதனசாலையில் தொங்குகிறது. நோயாளியின் உடலை அஞ்சாமல் தொடும் தளபதியை அதில் காணலாம். கடற்கரையை அத்தகைய ஓவியமெதுவும் நினைவூட்டவில்லை. புதிய நூலொன்றைக் கையிலெடுக்கும் வாசகர் இவ்விரு காட்சிகளுக்கும் ஆசிரியர் எத்தனை பக்கம் ஒதுக்கியுள்ளார் என்று பார்த்தாலே போதும். நூலின் சாய்வு தெரிந்துவிடும்.

அக்காவை ஜஸ்ஸார் பாஷா விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு மாத முற்றுகைக்குப் பின் மே 20இல் பிரெஞ்சுப் படை பின்வாங்கியது. அதே மே மாதம் 4ஆம் திகதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீரமரணமடைந்திருந்தார். நெப்போலியன் ஜனவரியில் அவருக்கு எழுதிய கடிதம் வழியிலேயே பிரித்தானியர் கையில் சிக்கியது. ஓகஸ்ட் 23இல் நெப்போலியன் தம் படையை எகிப்திலேயே விட்டுவிட்டு இரகசியமாகப் பிரான்சுக்குக் கப்பலேறினார். நவம்பரில் ஆட்சியைக் கைப்பற்றினார்.

ஒரே சாட்சியின் மூன்று நூல்கள்

ஜபர்த்தியையும் ஆராயாமல் ஏற்கலாகாது. இக்காலத்தைப் பற்றி அவர் மூன்று தடவை எழுதினார். முதலாவது, மேலே கூறிய சிறு நூல். இரண்டாவது, பிரெஞ்சுக்காரர் வெளியேறிய 1801இல் உஸ்மானிய வஸீருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அதில் பிரெஞ்சுக்காரர் மீதான கண்டனம் கூடியும், உஸ்மானியருக்கான புகழ் மிகுந்தும் உள்ளன. ஜபர்த்தி பிரெஞ்சுத் தளபதி மெனூவின் திவானில் அங்கத்தவராக இருந்தவர். திரும்பிவந்த ஆட்சியின் முன் அவர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாவது, பின்னாளில் எழுதிய பெருநூலான 'அஜாயிபுல் ஆஸார்'. உஸ்மானியப் படையினரின் அட்டூழியங்களையும் முஹம்மத் அலியின் வரிக்கொடுமையையும் கண்டபின் எழுதியது அது. புகழ்ச்சி நீங்கி, பிரெஞ்சுக்காரரின் ஒழுங்கைப் பற்றிய நிதானமான மதிப்பீடு அதில் இடம்பெறுகிறது. முஹம்மத் அலியைக் கண்டித்தமையால் அந்நூல் நெடுங்காலம் அச்சேறவில்லை. 1880ஐ ஒட்டியே கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் முழுமையாக வெளிவந்தது. முதல் சிறு நூலோ 1975இல்தான் லைடன் நகரில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்கப்பட்டது.

ஆக, கெய்ரோவின் சாட்சியும் காலத்துக்கும் அதிகாரத்துக்கும் ஏற்ப மாறியிருக்கிறார். ஆனால் மூன்று நூல்களும் நம்மிடம் இருப்பதால் அம்மாற்றத்தை அளவிட முடிகிறது. மூன்றாம் நெப்போலியனின் தொகுப்பையும் புதிய தொகுப்பையும் ஒப்பிடுவோர் செய்வதும் இதுவே.

ஏனைய கரைகள்

எகிப்துக்குச் சொன்னது கரீபியன் கடலுக்கும் பொருந்தும். 1794இல் புரட்சி அரசு ஒழித்த அடிமை முறையை நெப்போலியன் 1802 மே 20ஆம் திகதிச் சட்டத்தால் மீண்டும் கொண்டுவந்தார். அடிமையாகப் பிறந்து சென் தொமிங்குவின் தலைவராக உயர்ந்த தூசான் லூவர்ட்யூர் பிடிக்கப்பட்டு, பிரான்சின் குளிர்ந்த மலைக்கோட்டையொன்றில் 1803 ஏப்ரலில் இறந்தார். ஆனால் அவருடைய மக்கள் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து 1804 ஜனவரி முதலாம் திகதி ஹெய்ட்டியைச் சுதந்திர நாடாக்கினர். நெப்போலியன் முடிசூடியது அவ்வாண்டு டிசம்பரில். மொரீஷியஸில் பிறந்த சுதீர் ஹசாரிசிங் 2020இல் வெளியிட்ட தூசானின் வாழ்க்கை வரலாறு, அம்மனிதரின் சொந்த எழுத்துகளைக் கொண்டே எழுதப்பட்டது. 2021இல் நெப்போலியனின் இருநூறாவது நினைவு நாளன்று பிரான்சின் ஜனாதிபதி மக்ரோன், அடிமை முறையை மீட்டமை தவறென்று பகிரங்கமாகக் கூற வேண்டியதாயிற்று. இத்தகைய நூல்கள் இன்றி அந்நிலை வந்திராது.

2020இல் வெளிவந்த அலெக்சாந்தர் மிகாபெரிட்ஸேயின் நூல் நெப்போலியப் போர்களை உலகப் போராகவே காண்கிறது. அவ்வகையில் நோக்கினால் இலங்கையும் அக்கதைக்குள் வருகிறது. 1795இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைப் பிடித்தது. அதைக் காரணம் காட்டிப் பிரித்தானியர் அவ்வாண்டு ஓகஸ்டில் திருகோணமலையையும், 1796 பெப்ரவரியில் கொழும்பையும் ஒல்லாந்தரிடமிருந்து எடுத்தனர். 1802 மார்ச்சில் அமியன்ஸ் உடன்படிக்கையின்போது, பிரான்சின் முதற் கொன்சலாக இருந்த நெப்போலியன், கைப்பற்றிய குடியேற்றங்களைப் பிரித்தானியா திருப்பித் தரவேண்டுமென வாதாடினார். இறுதியில் இரண்டை மட்டும் பிரித்தானியா வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்: ஒன்று ஸ்பானியருக்குரிய திரினிடாட், மற்றையது ஒல்லாந்தருக்குரிய இலங்கை. இரண்டுமே அவருக்குச் சொந்தமானவை அல்ல. மேசையில் ஒல்லாந்தரின் பிரதிநிதி இருந்தார். கரையோரத்தில் வாழ்ந்த சிங்களவரோ தமிழரோ சோனகரோ அங்கு இருக்கவில்லை. எல்பா தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் 1815 மார்ச் முதலாம் திகதி பிரான்சின் கரையில் கால்வைத்தார். மறுநாள், மார்ச் 2ஆம் திகதி, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அவர் வோட்டர்லூவில் தோற்பதற்கு முன்னரே முழுத்தீவும் பிரித்தானியரிடம் போய்விட்டது.

நாம் செய்யக்கூடியது

நெப்போலியன் பெரியவரா கொடியவரா என்ற விவாதம் ஐரோப்பாவில் இன்னும் பல நூல்களுக்குத் தீனி போடும். அவருடைய சிவில் சட்டக்கோவை இன்றும் பல நாடுகளின் சட்டத்தில் உயிர்வாழ்கிறது. யாபாவின் மணலும் அப்படியே கிடக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றையதை மறைக்க வேண்டியதில்லை. ஜபர்த்தி அஸ்ஹரில் கட்டிய குதிரைகளையும் எழுதினார், கைவண்டியையும் எழுதினார். பகைவனின் நன்மையை ஒப்புக்கொள்ளும் துணிவு அவரிடம் இருந்தமையாலேயே, பகைவனின் கொடுமை பற்றி அவர் சொல்வதை உலகம் நம்புகிறது.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். ஜபர்த்தியின் முதல் நூல் அளவில் சிறியது. நம்மிடையே அரபு மத்ரஸாக்களில் ஓதித் தேர்ந்து, தமிழில் நல்ல நடை வாய்க்கப்பெற்ற உலமாக்கள் இருக்கின்றனர். ஆங்கிலத்தின் தோளில் ஏறிக் கெய்ரோவைப் பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அந்நூலை அரபிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவர அவர்களுள் ஒருவர் முன்வர வேண்டும். பிரகடனத்தின் இலக்கணப் பிழைகளை ஜபர்த்தி திருத்தும் பகுதியைத் தமிழில் தருவது கடினமான வேலைதான். ஆனால் அதை அனுபவித்துச் செய்யக்கூடியவர் நஹ்வு கற்றவரே. ஆங்கில மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதும் நம்மைப் போன்றோரால் அது ஆகாது.